இருபத்தாறு நாள் தாமதம்

எங்கள் கல்லூரி முதல்வர் சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு, தோளில் ஒரு சணல் பையோடும் வாயில் ஒரு வாக்கியத்தோடும் திரும்பி வந்தார். "இனிமே நம்ம காலேஜ்ல பேப்பரே கிடையாது." மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் அவர் அதை அறிவித்தபோது எல்லோரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். நான் மட்டும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை என் தலையில் விழுந்தது அப்படித்தான்.

இது இரண்டாயிரங்களின் பின்பாதி. ஆரணிக்கு வெளியே, வயல்களை மனைகளாக அளந்து கல் நட்டுக்கொண்டிருந்த பக்கம் எங்கள் கல்லூரி. நான் தினமும் கண்ணமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து கணினிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அதுவரை அசைன்மென்ட் என்றால் தாள்தான். நான்கு பக்கமும் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, முதல் பக்கத்தில் ரோஜாப்பூ வரைந்து, பிளாஸ்டிக் உறையில் செருகிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் பூவுக்கு இரண்டு மார்க், உள்ளே இருப்பதற்கு ஆறு மார்க் என்று போட்டு பீரோவின் மேல் அடுக்குவோம். வருடத்துக்கு ஒருமுறை பழைய பேப்பர்காரர் வந்து எடைபோட்டு எடுத்துப்போவார். அந்த முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை.

புது முறையை நிறுவியவர் எங்கள் லேப் அசிஸ்டென்ட். ஆரணிக்காரர், நெசவுக் குடும்பம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு கற்பித்தல் மென்பொருளை இறக்கி, ஓரமாகக் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, கல்லூரியின் இணைய இணைப்போடு சேர்த்துவிட்டார். அதற்கு முகவரி என்று பெயரெல்லாம் இல்லை. நான்கு எண்கள், நடுவே மூன்று புள்ளிகள். அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டோம். எங்கிருந்தும் அந்த எண்ணைத் தட்டி உள்ளே வரலாம். பிள்ளைகள் அதைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனார்கள்.

அசைன்மென்ட் உருவாக்குவது எனக்கு உடனே பிடித்துப்போனது. ஒரு படிவம் வரும். தலைப்பு, விளக்கம், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிவரை, அதிகபட்ச மதிப்பெண், தாமதமாக வந்தால் ஏற்கலாமா கூடாதா. ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, கடைசிப் பொத்தானை அழுத்தினால் அறுபது பேருக்கும் ஒரே நொடியில் கடமை வந்து சேர்ந்துவிடும். வகுப்பில் நான் எவ்வளவு கத்தினாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. இங்கே எல்லோருக்கும் ஒரே எழுத்தில் கேட்டது.

தாமதம் பற்றிய கட்டத்தில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா பிறத்தியார் நிலத்தில் கூலிக்குப் போனவர். பத்து நிமிஷம் பிந்திப் போனால் வேறு ஆளை இறக்கிவிடுவார்கள், அன்றைக்குக் கூலி கிடையாது. அதனால் நேரத்துக்குப் போவது என்பதை நான் ஒரு பழக்கமாக அல்ல, பெரிய ஒழுக்கமாகவே வளர்த்துவைத்திருந்தேன். பிந்தி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தாமதமாக வருவதை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் போனால் மதிப்பெண் இல்லை என்று விதி எழுதினேன். எழுதிவிட்டு, இரண்டு முறை படித்துப் பார்த்துத் திருப்திப்பட்டேன்.

முதல் சில வாரங்கள் தமாஷாகத்தான் போயின. ஒருவன் எதுவும் எழுதாத கோப்பு ஒன்றை அனுப்பினான். ஒருத்தி தன் அக்கா கல்யாணப் பத்திரிகையை ஏற்றியிருந்தாள். அதையும் நான் முழுக்கப் படித்தேன், முகூர்த்தம் நல்ல நேரத்தில்தான் இருந்தது. இன்னொருவன் நான் கேட்ட கேள்வியையே தலைப்பு மாற்றாமல் எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, வகுப்பில் வந்து "மேடம், பைனல் காப்பி அனுப்பிட்டேன்" என்றான். நான் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் கீழே கருத்து எழுதினேன். "கோப்பு திறக்கவில்லை." "இது உங்கள் விடை அல்ல, என் கேள்வி." "வாழ்த்துகள், ஆனால் அசைன்மென்ட் எங்கே?"

திருத்துவதும் சுகமாக இருந்தது. பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எப்போது அனுப்பினார்கள் என்று நாள், மணி, நிமிஷம்வரை இருக்கும். நேரத்துக்குள் வந்தால் பச்சையில் "இரண்டு நாள் முன்னதாக" என்று காட்டும். பிந்தி வந்தால் சிவப்பில். யோசித்துப்பார்த்தால் அது வெறும் கழித்தல் கணக்கு. ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்து எழுதுகிறது, அவ்வளவுதான். ஆனால் சிவப்பில் எழுதியிருந்தால் படிக்கிறவருக்கு அது தீர்ப்பு போலத் தோன்றிவிடுகிறது. எனக்குத் தோன்றியது.

மூன்றாம் ஆண்டு பி.சி.ஏ. வகுப்புக்கு வாரம் ஒன்று வீதம் கொடுத்தேன். திங்கட்கிழமை திறக்கும், அடுத்த திங்கட்கிழமை முடியும். கல்லூரி லேப்பில் வைத்துச் செய்ய வழியில்லை. அங்கே வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் அவர்கள் முறை, நாலு நாற்பதுக்குக் கல்லூரி பஸ்களும் கிளம்பிவிடும். ஆகவே பிள்ளைகள் ஊருக்குள் இருந்த பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்து தட்டி அனுப்பினார்கள். களம்பூர், சேத்துப்பட்டு பக்கத்துப் பிள்ளைகள்கூட எப்படியோ அனுப்பிவிட்டார்கள். ஏழு பேர் மட்டும் வாரக்கணக்கில் எதுவும் அனுப்பவில்லை. சரி, படிக்கிற எண்ணம் இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் சாயங்காலம் அந்த ஏழு பேரிடமிருந்தும் விடைகள் வந்து குவிந்தன. ஆளுக்கு நாலு. எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள். முதல் அசைன்மென்ட்டுக்கு எதிரே சிவப்பில் இருபத்தாறு நாள் தாமதம் என்றிருந்தது. அதற்கப்புறம் திரும்பவும் நிசப்தம். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரே சாயங்காலத்தில் ஏழு பேர், ஆளுக்கு நாலு.

எந்த இணைய இணைப்பிலிருந்து அனுப்பினார்கள் என்பதற்கும் அந்த மென்பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். அதைத் திறந்துபார்த்தேன். ஏழு பேருக்கும் ஒரே எண். லேப் அசிஸ்டென்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதெல்லாம் ஒரே இடத்துல இருந்து வந்ததா?"

"ஆமா மேடம். பஜார்ல பிரவுசிங் சென்டர் ஒண்ணு கீது. அந்த நம்பர்தான் இது."

நான் கேட்டது அவ்வளவுதான். அவர் சொன்னதும் அவ்வளவுதான். அவர் டீ குடிக்கப் போய்விட்டார், நான் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட நிறைவோடு உட்கார்ந்திருந்தேன். அந்த பிரவுசிங் சென்டரில் யாரோ ஒரு ஆள் காசு வாங்கிக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக எழுதித் தள்ளுகிறான். அதுதான் என் கண்டுபிடிப்பு.

விடைகளைப் படித்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒருவன் சுருக்கமாக எழுதியிருந்தான், ஒருவன் புத்தகத்தைப் பெயர்த்து வைத்திருந்தான். ஒருத்தி மட்டும் கேள்வியைப் புரிந்துகொண்டு சொந்தமாக எழுதியிருந்தாள். பஸ் நிலையத்தின் கால அட்டவணையை ஒரு தரவுத்தளமாக அமைக்கச் சொல்லியிருந்தேன். வேலூர் பஸ் ஒன்று ரத்தானால் அட்டவணையில் எதெல்லாம் மாற வேண்டும் என்பதுவரை அவள் யோசித்திருந்தாள். நானே அதை யோசித்திருக்கவில்லை. நியாயமாக அந்த இடத்தில் என் சந்தேகம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, கூடியது. எழுதித் தருகிறவன் கெட்டிக்காரன், மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேறு வேறாக எழுதுகிறான் என்று முடிவுகட்டினேன். ஒரு ஆளைத் திருடன் என்று முடிவு செய்துவிட்டால் அவன் நேராக நடந்தால்கூட நடிப்பாகத் தெரியும்.

ஏழு பேருக்கும் எல்லா அசைன்மென்ட்டுக்கும் பூஜ்யம் போட்டேன். ஒரு வாரத்துக்குள் அடங்கியவற்றுக்கும் சேர்த்துத்தான். கீழே ஒரு கருத்தை எழுதி, அதையே நகலெடுத்து எல்லாவற்றுக்கும் ஒட்டினேன். "ஒரே இடத்திலிருந்து ஒரே நாளில் அனுப்பப்பட்டுள்ளது. விளக்கம் தேவை." பதில் எழுத அங்கேயே இடம் இருந்தது. நாட்கணக்கில் ஒருவரும் எழுதவில்லை. மாதத்தில் ஒரே ஒரு நாள் உள்ளே வருகிறவர்கள், அடுத்த முறை வரும்போதுதானே அதைப் பார்ப்பார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த முறையும் அதே ஏழு பேர், அதே எண், ஒரே சாயங்காலம். மறுநாள் மதியம், பஸ் அட்டவணையைச் சொந்தமாக யோசித்து எழுதிய அந்தப் பெண், ஆசிரியர் அறைக்கு வந்தாள். ஜன்னல் ஓரம் இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறவள், அதிகம் பேசாதவள். கையில் ஒரு நீளவாட்டு நோட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"மேடம், எல்லாத்துக்கும் ஜீரோ வந்துகீது."

"ஆமா. கீழ எழுதியிருக்கேனே, படிச்சியா?"

"படிச்சேன் மேடம்."

"யாரு எழுதித் தர்றாங்க?"

"யாரும் இல்ல மேடம். நாங்களேதான் எழுதறோம். நோட்டுல எழுதி வெச்சுகினு, அப்பால அங்க போயி டைப் பண்றோம்." நோட்டை நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. "நோட்டுக்கு இங்க மார்க் இல்ல. ஏன் எல்லாரும் ஒரே நாள்ல அனுப்பறீங்க? அதைச் சொல்லு."

"அன்னிக்குத்தான் மேடம் வேலை இருக்காது."

எனக்குச் சுருக்கென்றது. "அப்போ என் அசைன்மென்ட் வேலைவெட்டி இல்லாத அன்னிக்குப் பண்றதா?"

அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்படி இல்ல மேடம்."

"வாரத்துல அரைமணி நேரம் கிடைக்காதா உனக்கு? ஞாயித்துக்கிழமை என்ன பண்றே?"

"ஞாயித்துக்கிழமதான் மேடம் ஜாஸ்தி."

என்ன ஜாஸ்தி என்று நான் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது, எனக்கு அடுத்த வகுப்பு. நான் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் அவள் அவசர அவசரமாக வந்த காரியத்தைச் சொன்னாள்.

வேலூரில் ஒரு கல்லூரியில் பல கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரு வேலைவாய்ப்பு நேர்காணல் நடக்கவிருந்தது. கணினி நிறுவனம் ஒன்று சென்னையிலிருந்து வருகிறது. எங்கள் கல்லூரியிலிருந்து யாரை அனுப்புவது என்பதற்கு முதல்வர் ஒரு வரம்பு வைத்திருந்தார். எல்லாப் பாடத்திலும் இன்டர்னல் மார்க் இருபத்தைந்துக்குப் பதினைந்தாவது இருக்க வேண்டும். இன்டர்னல் மார்க்கில் தேர்வுகளுக்குப் பதினைந்து, அசைன்மென்ட்டுக்குப் பத்து. அந்தப் பெண் என் தேர்வுகளில் பதினைந்துக்குப் பதினான்கு வாங்கியிருந்தாள். மற்ற பாடங்களில் அசைன்மென்ட் இன்னும் தாளில்தான் நடந்தது, அவை எல்லாவற்றிலும் இருபதுக்கு மேல். என் பாடத்தில் மட்டும் பதினான்கும் பூஜ்யமும், மொத்தம் பதினான்கு.

"அங்க செலக்ட் ஆனாத்தான் சென்னைக்கு அனுப்புவேன்னு சொல்லிகீறாரு மேடம் எங்கப்பா. இல்லன்னா படிச்சது போதும், வீட்டோட இருன்னுட்டாரு. ஒரு மார்க் போட்டாக்கூடப் போதும் மேடம்."

"ஒரு மார்க் பிச்சை போடற பழக்கம் எனக்கு இல்ல" என்றேன். இதைச் சொன்ன குரல்கூட எனக்கு நினைவிருக்கிறது. கோபக் குரல் இல்லை. நியாயம் பேசுகிற குரல்.

பட்டியல் தயாரானது. அந்த ஏழு பேரில் மற்ற ஆறு பேருக்கும் வேறு பாடங்களிலும் மார்க் போதாது. என் பாடம் ஒன்றினால் மட்டும் பெயர் விட்டுப்போனது இவளுக்குத்தான். பட்டியலில் முதல்வர் கையெழுத்திட்டு அனுப்பிவைத்தார். ஒரு வியாழக்கிழமை காலை ஆறரைக்குக் கல்லூரி பஸ் ஒன்று இருபத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் புறப்பட்டது. பையன்கள் டை கட்டியிருந்தார்களாம், ஒரே டையை முடிச்சு அவிழ்க்காமல் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்களாம். நான் ஒன்பது மணி பஸ்ஸில்தான் வந்தேன்.

பஸ்ஸில் போகாதவர்களும் அன்று வரவில்லை, வகுப்பு காலி. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, அந்த பிரவுசிங் சென்டர் விவகாரத்தைப் பற்றி முதல்வருக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதத் தொடங்கினேன். இந்த ஏழு பேரோடு விட்டுவிடக் கூடாது, எழுதித் தருகிற ஆளையும் வெளியே கொண்டுவர வேண்டும் என்று. ஆதாரமாக அவர்கள் அனுப்பிய நாட்களை வரிசையாக எழுதினேன். என்ன கிழமை என்றும் சேர்த்து எழுதினால் கடிதத்துக்குக் கனம் கூடும் என்று நினைத்தேன். சுவரில் ஒரு பட்டுப் புடவைக் கடையின் மாதக் காலண்டர் தொங்கியது. முந்தைய மாதங்களைப் புரட்டினேன். அவர்கள் முதலில் அனுப்பிய தேதியின் மேல் ஒரு கருப்பு வட்டம். அடுத்த மாதம் அனுப்பிய தேதியின் மேலும் கருப்பு வட்டம். மூன்றாவதிலும்.

அமாவாசை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல நாள் பார்த்து அசைன்மென்ட் அனுப்புகிறார்கள்! அமாவாசையில் அனுப்பினால் மார்க் வரும் என்று எவனோ ஜோசியக்காரன் சொல்லியிருக்கிறான், ஏழு பேரும் நம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். தனியாகச் சிரிக்க முடியாமல் லேப்புக்குப் போய் அசிஸ்டென்ட்டிடம் சொன்னேன். அவர் ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"இன்னா மேடம், அன்னிக்குத் தறி ஓடாது இல்ல?"

"என்ன?"

"அமாவாசைக்குத் தறில உக்கார மாட்டாங்க மேடம். மத்த நாளெல்லாம் ஓடும், ஞாயித்துக்கிழமையும் ஓடும். அந்த ஏழு பசங்களும் தறி வெச்சிருக்கற வீடுதான். காலேஜ் விட்டுப் போனதும் குந்திடுவாங்க."

"பிள்ளைங்களுமா நெய்றாங்க?"

"கரை வேற கலர் வர்ற புடவைக்கு ஒரு ஆள் போதாது மேடம். கரைப் பக்கம் நூல் வெச்ச நாடாவைத் தள்ள பக்கத்துல இன்னொரு ஆள் குந்தணும். அந்தப் பொண்ணு அவங்கப்பா கூட குந்துது. அது எழுந்துட்டா அவரும் எழுந்துக்கணும், தறி நின்னுடும். அதான் அமாவாசை அன்னிக்கு எல்லாப் பசங்களும் சேர்ந்து சென்டருக்கு வந்துடுவாங்க."

"இதை ஏன் நீங்க என்கிட்ட சொல்லல?"

அவர் கீபோர்டை நிமிர்த்தி வைத்தார். "நீங்க எடம் ஒண்ணான்னுதானே மேடம் கேட்டீங்க. ஒண்ணுதான்."

அவர் மேல் கோபப்பட முயன்றேன். முடியவில்லை. படிக்கட்டில் ஏறி முதல்வர் அறைக்கு ஓடினேன். நான் எதற்கும் எளிதில் பதறுகிறவள் இல்லை.

முதல்வர் முழுவதையும் கேட்டார். "லிஸ்ட்டுல கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சு மேடம். எழுத்துத் தேர்வு பத்து மணிக்கே ஆரம்பிச்சிருக்கும். இப்பப் போயி ஒரு பேரு விட்டுப்போச்சுன்னு சொன்னா நம்மளை என்ன நினைப்பாங்க?" சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. அந்தப் பெண் அன்று கல்லூரிக்கும் வந்திருக்கவில்லை. "யூனிவர்சிட்டிக்கு மார்க் அனுப்ப இன்னும் நாள் இருக்கு. மாத்திடுங்க. சத்தமில்லாம மாத்திடுங்க" என்றார். பிறகு, பஸ்ஸில் போனவர்களில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று என்னிடமே கேட்டார்.

திரும்பி வந்து ஏழு பேரின் விடைகளையும் முதலிலிருந்து படித்தேன். ஆளுக்குப் பன்னிரண்டு. இம்முறை சிவப்பு எழுத்து இருந்த பக்கத்தை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு படித்தேன். வேடிக்கையாக இருக்கலாம், வேறு வழி தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பத்துக்கு ஒன்பது வந்தது. மார்க்கை மாற்றினால் அந்த மென்பொருள் சும்மா விடாது. காரணம் என்று ஒரு கட்டத்தைத் திறந்து நிற்கும். "என் தவறு" என்று தட்டினேன். அதை யார் யார் பார்ப்பார்களோ என்று பயம் வந்தது. அழித்துவிட்டு "மறுமதிப்பீடு" என்று தட்டினேன். அதை நினைத்து இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். கடைசி மணிக்கு முன்பு ஆசிரியர் அறைக்கு அழைத்தேன். மற்றவர்கள் வகுப்புக்குப் போகும்வரை காத்திருந்துதான் அழைத்தேன். திட்டியது எல்லோர் முன்னாலும், திருத்திக்கொள்வது மட்டும் தனியாக. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். பதினான்கும் ஒன்பதும் இருபத்துமூன்று. அவள் நின்றபடியே பார்த்தாள்.

"அமாவாசை அன்னிக்குத்தான் தறி ஓடாதுன்னு ஏன் அன்னிக்கே சொல்லல நீ?"

அவள் என்னைப் பார்த்தாள். கேள்வி புரியாதவள்போல் பார்த்தாள்.

"அது உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

"தெரியாது."

"நீங்க கண்ணமங்கலந்தானே மேடம்?"

ஆரணியிலிருந்து எங்கள் ஊர் கொஞ்ச நேரப் பஸ் பயணம். பிறந்ததிலிருந்து ஆரணிக்கு வந்துபோகிறேன். அம்மாவுக்கு மருந்து, எனக்குப் பள்ளிச் சீருடை, சினிமா, எல்லாம் இந்த ஊரில்தான். தறிச் சத்தம் கேட்கிற தெருக்கள் வழியாக நூறு தடவை நடந்திருப்பேன். மாதத்தில் ஒருநாள் அந்தச் சத்தம் இல்லை என்பதை ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

"தெரியாதும்மா" என்றேன். 'அம்மா' எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. நான் மாணவிகளை அப்படிக் கூப்பிடுகிறவள் இல்லை.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுகினு இருந்தோம் மேடம்." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. "தெரிஞ்சேதான் முட்டை போடறீங்கன்னு நெனச்சோம். தறிக்காரப் பசங்க படிச்சு வெளிய போறது சில பேருக்குப் பிடிக்காதுன்னு எங்கப்பா சொன்னாரு. திரும்பத் திரும்பக் கேட்டுப் பேஜார் பண்ணாதேன்னுட்டாரு. அதான் மேடம் அப்பால நான் வரல."

அப்படி நினைத்துக்கொண்டேதான் மூன்று வாரம் என் வகுப்பில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கேள்வி கேட்டால் எழுந்து பதில் சொல்லியிருந்தாள். காலையில் வணக்கம் வைத்திருந்தாள். எனக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றிருந்தது. ஆசிரியராக இருந்து பழகிவிட்ட வாய்க்கு அந்தச் சொல் வரவில்லை. தப்பு என்னுடையதுதான் என்றேன். அந்த அளவுக்குத்தான் வந்தது.

அவள் தலையசைத்தாள். இன்னொரு முறை திரையைப் பார்த்தாள், இருபத்துமூன்று என்ற எண்ணை. பிறகு கேட்டாள்.

"இப்ப மார்க் மாத்துனதால, நேத்து வேலூர்ல நடந்தது இல்ல மேடம், அதுக்கு என்னைத் திரும்பக் கூப்பிடுவாங்களா?"

கிண்டல் இல்லை. கோபமும் இல்லை. கம்ப்யூட்டரில் ஒன்றை மாற்றினால் அதைச் சார்ந்த மற்றதெல்லாம் தானாக மாறும் என்று அவளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நான்தான். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

"சரிங்க மேடம்" என்றாள். மணி நாலு முப்பத்தைந்து. கீழே பஸ்கள் கிளம்பத் தயாராக நின்றன. "அப்பா தறில குந்தாம இருப்பாரு மேடம், ஜல்தியாப் போகணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.